கண்ணம்மாள் பால் காய்ச்சிய வீடு

பேய் என்றால் ராத்திரிதான் வரும், நாய் ஊளையிடும், மல்லிகைப்பூ வாசம் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்த்தது பட்டப்பகலில். பங்குனி மாத வெயில். மில் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். கூப்பிடு தூரத்தில் புளியமரத்தடியில் இருபது பேர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிட வாய் வரவில்லை...

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்தால் வலது கையைக் காட்டுகிறேன். அந்த உள்ளங்கைக்கு இன்றுவரை சூடு தெரியாது. கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் பிடித்து இறக்குவேன். இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே அடுத்த தெருப் பெண்கள் வருவதுண்டு. வந்தவர்களிடம் நாலு வீட்டுச் சேதி கறக்காமல் நான் அனுப்பியதில்லை, அது வேறு விஷயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம். சின்னாளப்பட்டிக்குக் கிழக்கே, சிறுமலையைப் பார்த்துப் போகிற வண்டித்தடத்தில் ஒரு மேடு உண்டு. சோளம்கூட ஒழுங்காக முளைக்காத மேடு. அங்கே ஒரு நாள் சர்க்கார் ஜீப் வந்து நின்றது. ஊர் கூடிவிட்டது. திப்பு சுல்தான் புதைத்த தங்கம் என்றார்கள். மண்ணெண்ணெய்க் கிணறு என்றார் ஒருவர். ஜீப்பிலிருந்து இறங்கியவர் சேக் பரீது என்கிற இளவயது அதிகாரி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தடிக் கண்ணாடி. "தங்கம் எல்லாம் இல்லீங்க. ரொம்பப் பழைய காலத்துல மனுஷங்க குடியிருந்த இடம். தோண்டிப் பார்க்கணும்" என்றார்.

கூட்டம் ஏமாந்து கலைந்தது. நான் கலையவில்லை. மண் சுமக்கக் கூலிக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தேன். எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டாலே எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின குடும்பம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விடுவேனா?

என்னோடு வந்தவள் கண்ணம்மாள்.

எங்கள் தெருக்காரி. இருபத்துநாலு வயது இருக்கும். புருஷன் உடையப்பன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. வருகிறவர்கள் கையில் சேலை வரும். அவன் வர மாட்டான். பிள்ளையும் இல்லை. அவனுடைய அண்ணன் ஒச்சப்பன் வீட்டில், ஆடு கட்டுகிற சாய்ப்பில், ஒரு பக்கம் ஆடும் ஒரு பக்கம் இவளுமாய் இருந்தாள். ஒச்சப்பன் பெண்டாட்டி ராமுத்தாயின் நாக்கு, மிளகாயை அரைத்துப் பூசிவைத்த நாக்கு. விளக்கு வைத்ததும் பெரிய கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுவிடுவாள். மழை பெய்தாலும் திறக்க மாட்டாள். மழை பெய்கிற இரவுகளில் ஆடுகள் கத்துவது எங்கள் வீடு வரை கேட்கும். கண்ணம்மாள் கத்துவது கேட்காது. அவள் கத்துகிற ரகம் இல்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதை வைத்துக் கேலியும் பேசுவோம்.

"நாலு செவரு போதும்க்கா. மேல ஓலை போட்டுக்கிருவேன். ஒரு கதவு மட்டும் வேணும். நானா சாத்தணும், நானா தொறக்கணும்" என்பாள்.

அந்த நாலு சுவருக்காகத்தான் கூடை சுமக்க வந்தாள். எனக்கு வேடிக்கை. அவளுக்கு வீடு.

தோண்டுவது என்றால் கிணறு வெட்டுகிற மாதிரி இல்லை. நூல் கட்டி, சதுரம் பிரித்து, கொத்தனார் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார்கள். நாங்கள் கூடையில் வாங்கிக் கொட்ட வேண்டும். முழங்கால் ஆழம் போனதும் மண் நிறம் மாறியது. இடித்துக் கெட்டித்த தரை தெரிந்தது. தரையைச் சுற்றி, சட்டி அகலத்தில் கறுப்புக் கறுப்பாய் வட்டங்கள்.

"கம்பு நட்ட குழிம்மா. கம்பு மக்கிப்போச்சு, அந்த எடத்துல கறுப்பு மண்ணு நின்னுடுச்சு" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் கல்யாணக் களை. "வீடு... முழுசா ஒரு வீடு!"

வீடாம். நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். வட்டமாய், குட்டியாய். நடுவில் மூன்று கல் வைத்த அடுப்பு, இப்போதுதான் யாரோ பானையை இறக்கிவிட்டுப் போன மாதிரி.

"அயர்லாந்துன்னு ஒரு தேசம் இருக்கு. மேற்கே, கடலுக்கு நடுவுல. அங்கயும் இப்படித்தான் ஒரு குட்டி வீட்டைத் தோண்டி எடுத்திருக்காங்க. கம்பு நட்டு, மண்ணு பூசி. நான் போட்டோ பார்த்திருக்கேன்" என்றார்.

எங்களோடு கூடை சுமந்த ஒச்சாயி வாய் அடங்காதவள். "அங்கயும் மாமியா கொடுமை தாங்காம தனிக்குடித்தனம் போயிருப்பாளுகளோ என்னமோ, அய்யா?" என்றாள்.

அவரே சிரித்துவிட்டார்.

கண்ணம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் இருந்த கூடையை இறக்காமல் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வட்டத்தில் கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு துண்டைத் தோண்டாமல் வரப்பு மாதிரி விட்டிருந்தார்கள். தோண்டியது சரிதானா என்று பிறகு பார்ப்பதற்குச் சாட்சியாய் அப்படி விடுவது வழக்கமாம். மற்றப் பக்கமெல்லாம் கம்புக் குழி நெருக்கமாய் இருந்ததால், வாசல் அந்த வரப்புக்கு அடியில்தான் இருக்கும் என்று அதிகாரி சொன்னார். நாங்களும் அந்த வழியாகவே ஏறி இறங்கினோம்.

ஒரு நாள் அவர் போட்டோ பிடிக்கிறவரைக் கூட்டி வரத் திண்டுக்கல் போயிருந்தார். மேஸ்திரி முனியப்பன் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். வேலை இல்லை. ஒச்சாயிக்கு வாய் துறுதுறுத்தது.

"ஏண்டி கண்ணம்மா, வீடு வீடுன்னு உசுர விட்டியே. இந்தா இருக்கு பாரு. ஆள் இல்லாத வீடு. வாடகை கேக்க ஆள் இல்ல. ராமுத்தா இல்ல. பாலக் காய்ச்சிக் குடி போக வேண்டியதுதான?"

பெண்கள் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும்தான்.

கண்ணம்மாள் எழுந்தாள். அதிகாரியின் தேத்தண்ணிக்கு வைத்திருந்த பால் சொம்பை எடுத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். கிழக்கு வரப்பு மேல் ஏறி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

விளையாட்டு இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று கல்லையும் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். எங்கிருந்தோ மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து உரசி, ஒவ்வொரு கல்லிலும் பொட்டு வைத்தாள். சுள்ளி பொறுக்கி வைத்து ஒரே குச்சியில் பற்ற வைத்தாள்.

பால் பொங்கியது. கிழக்கே வழிந்தது. "நல்ல சகுனம்டி!" என்று ஒச்சாயி குலவை போட்டாள்.

நான் பாலைப் பார்க்கவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறந்த வெளி. மேலே ஆகாசம். அடுப்புப் புகை நேரே மேலே போக வேண்டும், இல்லை காற்றில் சாய வேண்டும். இது ஓர் ஆள் உயரம் போனது... நின்றது. நின்று, நாலா பக்கமும் பரவியது. பரவி, வட்டத்தின் ஓரத்தில் போய்க் கீழே இறங்கியது. கூரைக்கு அடியில் புகை எப்படித் தங்குமோ, அப்படி.

"ஒச்சாயி, அந்தப் பொகையப் பாரேன்" என்றேன்.

"காத்தே இல்லக்கா" என்றாள் அவள்.

காற்று இல்லைதான். புளிய இலை ஒன்றுகூட அசையவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்து அடுப்பைப் பார்த்தார். கத்தவில்லை. அது இன்னும் மோசம். "இந்தக் கரியை பம்பாய்க்கு அனுப்பினா எத்தனை வருஷத்து வீடுன்னு சொல்லியிருப்பாங்க. புதுக் கரியைக் கலந்துட்டீங்களே. யார் பண்ணினது?" என்றார்.

கண்ணம்மாள்தான் சொன்னாள், சாதாரணமாய், உப்பு விலை சொல்கிற மாதிரி: "நம்ம வீட்டு அடுப்புதானங்கய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு மரத்தடிக்கு வரவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கொதிக்கிற வெயிலில். பைத்தியம் என்றாள் ஒச்சாயி. எனக்கு அதோடு விட மனசில்லை. கஞ்சி குடிக்கிற சாக்கில் தினமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தூக்குவாளி. மற்றவர்களுடையதெல்லாம் வெயிலில் கண் கூசுகிற மாதிரி மின்னும். அவளுடையது மின்னவில்லை. இருட்டறையில் வைத்த பாத்திரம் மாதிரி மங்கலாய்த் தெரிந்தது.

பிறகு காக்கை. மரத்தடியில் சோற்றுக்குப் பறந்து பறந்து வரும். அந்த வட்டத்துக்கு நேர் மேலே மட்டும் பறக்காது. சுற்றிக்கொண்டு போகும்.

பிறகு அவள் குரல். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"என்னடி, வேகலையா?"

"உள்ள குளுகுளுன்னு இருக்குக்கா. நீயும் வாயேன்."

சாத்தின கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிற மாதிரி, கம்மலாய் வந்தது.

"வாரேன் வாரேன். வாசல் எங்கிட்டு வச்சிருக்கே?" என்றேன், கேலியாய்த்தான்.

"கெழக்க" என்று வரப்பைக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஆறு வருஷத்தில் அவள் முகத்தில் அதை நான் பார்த்ததில்லை. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் வீட்டில் யார் சந்தோஷமாய் இருந்தால் நமக்கென்ன? இப்படி நான் நினைத்தது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியது. எல்லாரும் மரத்தடிக்குப் போனார்கள். அதிகாரி ஜீப்புக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ராமுத்தாய் வீட்டில் முந்தின நாள் நடந்த சண்டையைப் பற்றிக் கண்ணம்மாளிடம் கேட்க எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. மாங்காய் வெஞ்சனத்தை ஒரு இலையில் எடுத்துக்கொண்டு போனேன். சும்மா போனால் சொல்ல மாட்டாள்.

அவள் உட்கார்ந்திருக்கவில்லை. நடந்துகொண்டிருந்தாள்.

வட்டத்தின் ஓரமாய், உள்பக்கம், கம்புக் குழிகளை ஒட்டி. இரண்டு கையையும் விரித்து, நெஞ்சு உயரத்தில் நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிக்கொண்டே. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"என்னடி, கண்ணாமூச்சியா?" என்றேன்.

திரும்பவில்லை.

ஓரத்துக்குப் போய் நின்றேன். அவள் என்னைக் கடந்து போனாள். ஒரு முழத் தூரம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை...

பிறகு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"அக்கா..."

"இங்கதாண்டி நிக்கேன்."

"இருட்டா இருக்குக்கா."

என் நிழல் என் காலுக்கடியில் கிடந்தது. அவ்வளவு வெயில்.

"வெளிய வாடி."

"வாசல் எங்கக்கா?"

"கெழக்கதான. நீதான சொன்ன. தாண்டி வா."

அவள் கிழக்கே போனாள். தடவினாள். மேலே, கீழே, மறுபடி மேலே.

"கெழக்க இல்லக்கா."

...

"எங்கிட்டும் இல்லக்கா."

இலையைக் கீழே போட்டேன். கையை நீட்டினேன். அவள் கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று.

என் கை அவளிடம் போகவில்லை.

பாதியில் நின்றது.

எதிரே ஒன்றும் இல்லை. ஆனால் கையில் பட்டது.

ஈர மண்.

பூசிக் காயாத சுவர். வைக்கோல் துரும்பு உள்ளங்கையில் குத்தியது. ஐஸ்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது.

அந்தப் பக்கமிருந்து அவள் தட்டினாள்.

தொப்.

என் கைக்கு நேரே. அவள் உள்ளங்கை தட்டையாய் அமுங்கி, வெளுத்துத் தெரிந்தது, கண்ணாடி அலமாரியில் வைத்து அழுத்தின மாதிரி.

தொப்... தொப்...

விரல் மரத்தது.

மணிக்கட்டு.

முழங்கை.

பயமாக இல்லையா என்று இன்றும் கேட்கிறார்கள். இல்லை. பயம் வரவில்லை. அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மரத்தடியில் ஒச்சாயி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. யாரோ ஏப்பம் விட்டார்கள். நான் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறு சங்கு ஊதியதும் ஆட்கள் வேலைக்குத் திரும்பி வந்தார்கள். மண் வெட்டுகிற வீரன் எனக்குப் பக்கத்தில் வந்து, "என்னக்கா செலை மாதிரி நிக்கே?" என்றபடி, தினமும் இறங்குகிற மாதிரி சாதாரணமாய் உள்ளே இறங்கினான். அவனை எதுவும் தடுக்கவில்லை.

கண்ணம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள்.

"ஏலே முனியப்பா! ஓடியா. வெயில் அடிச்சிருச்சுபோல. காலைப் பிடி."

வீரன் தலைப்பக்கம், முனியப்பன் கால் பக்கம். தூக்கிக் கிழக்கு வரப்பு மேல் ஏறி வெளியே கொண்டுபோனார்கள். அதிகாரி தண்ணீர்க் கூஜாவோடு ஓடி வந்தார். அவள் கை தொங்கிக்கொண்டு போனது. நகக்கண் எல்லாம் மண். பங்குனி மாதத்தில் அந்த மேட்டில் சொட்டு ஈரம் கிடையாது. அவள் நகத்தில் இருந்தது ஈர மண். சொட்டிக்கொண்டு போனது.

நான் கடைசியாய் நடந்தேன்.

பின்னால்...

தொப்.

திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. தரை. மூன்று கல். வெயில்.

தொப்... தொப்... தொப்...

முன்னால் போகிறவர்கள் யாரும் திரும்பவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ஏற்கனவே வாய் நீளம் என்று பெயர். ஒன்றுக்கு ஒன்பதாய்ச் சொல்கிறவள் ஒன்றை ஒன்றாய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கண்ணம்மாளைக் கொண்டுபோய் அவளுடைய சாய்ப்பில் கிடத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அன்று வெளியே வந்தவள் பிறகு எந்தக் கூரைக்கடியிலும் போகவில்லை. பேச்சு நின்றுவிட்டது. கஞ்சியை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். உப்புப் போட்டால் துப்பினாள். ஆடுகள் அவளைக் கண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கின, ஆறு வருஷம் அவளோடு படுத்த ஆடுகள். என்னை யாரோ மாதிரி பார்த்தாள்.

வைத்தியர் வெயில் தாக்கம் என்றார். பூசாரி உச்சிக் காத்து என்று வேப்பிலை அடித்தார். ஊர் பேசியதில் ராமுத்தாய்க்கே பயம் வந்துவிட்டது. ஊர் பேசியதில் என் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஒரு நாள் பெரிய கதவை விரியத் திறந்துவைத்து, "உள்ள வந்து படு தாயி, நான் ஒண்ணும் சொல்லல" என்று கும்பிட்டாள்.

அவள் கதவுக்கிட்டே வந்தாள். ஒரு விரலால் தள்ளினாள். திறந்தது. இழுத்தாள். மூடியது. மறுபடி தள்ளினாள். கீல் கத்தியது. காலையிலிருந்து வெயில் ஏறுகிற வரை தள்ளுவதும் இழுப்பதுமாய் நின்றாள், கதவு என்ற ஒன்றை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி. உள்ளே மட்டும் கால் வைக்கவில்லை.

எனக்குக் கை மரத்துப்போனதால் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். சித்திரையில் அதிகாரி எங்கள் ஊர் ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டு, மெட்ராஸ் ஆட்கள் இரண்டு பேரை மட்டும் வைத்து மிச்சத்தைத் தோண்டினார். பார்த்து முடிந்ததும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடிவிடுவது அவர்கள் முறை. மூடுவதற்கு வீரனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மூடையில ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்று அவனிடம் கேட்டேன்.

"மண்ணு விழுகிற சத்தம்தான்க்கா. வேற என்ன கேக்கும்?"

வேறு என்ன கேட்கும்.

அறுபத்தைந்தில் உடையப்பன் வந்தான். இலங்கையிலிருந்து நம் ஜனங்களைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்த சமயம். வந்தவன் பெண்டாட்டியைப் பார்த்தான். முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டான். கொண்டுவந்த காசையெல்லாம் போட்டு, தெருக்கோடியில் செங்கல் வைத்து வீடு கட்டினான். நாலு சுவர், நாட்டு ஓடு, தேக்கில் ஒரு கதவு. வெளியிலும் பூட்டலாம், உள்ளேயும் பூட்டலாம்.

பால் காய்ச்சுகிற அன்று ஊரே வந்திருந்தது. குத்துவிளக்கு, நிறைகுடம், எல்லாம் தயார். வீட்டுக்காரி மட்டும் வாசலுக்கு வெளியே நின்றாள்.

"வலது கால எடுத்து வச்சு வா கண்ணம்மா. ஒனக்குன்னுதான் கட்டுனேன்."

அவள் அவனைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்ததும் பின்னால் போனாள். போய்க்கொண்டே இருந்தாள், எதிர்ப்பக்க வேலியில் முதுகு இடிக்கிற வரை.

கடைசியில் ஒச்சாயிதான் பால் காய்ச்சினாள். குலவை போட யாருக்கும் வாய் வரவில்லை.

அவன் உள்ளே, அவள் வெளியே. அதுதான் அவர்கள் குடித்தனம். மழை பெய்தால் முற்றத்தில் முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து, நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் மட்டும் சிரிக்கிற மாதிரி இருக்கும். உடையப்பன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். பேர் சொல்லிக் கூப்பிடுவான். அந்தப் பேருக்கு அவள் திரும்பியதே இல்லை.

கதையை இதோடு விட்டிருந்தால் வெயில் அடித்தது, சித்தம் கலங்கியது என்று நானும் சமாதானம் ஆகியிருப்பேன். ஆனால் அறுபத்தெட்டில், காந்திகிராமம் பஸ் நிறுத்தத்தில் சேக் பரீது சாரைப் பார்த்தேன். ஏதோ கூட்டத்துக்கு வந்துவிட்டு மதுரை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்குள் முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கும்மா?"

"இருக்கா சார்."

பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பேசாமல் நிற்க வராது. "வாசல் கெடைச்சுதா சார்? கெழக்குப் பக்கத்த நாங்க போன பெறகு தோண்டுனீகளே" என்று கேட்டேன்.

"தோண்டினோம்."

"என்ன இருந்துச்சு?"

"கம்புக் குழி." கண்ணாடியைக் கழற்றினார். "மத்தப் பக்கத்தைவிட நெருக்கமா, ரெண்டு வரிசை. வாசலே இல்லம்மா அந்த வீட்டுக்கு. சுத்தி அடைச்சு, வெளியே இருந்து மண்ணைப் பூசியிருக்காங்க."

"வாசல் இல்லாம எவனாச்சும் வீடு கட்டுவானா சார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன்." துடைத்துக்கொண்டே இருந்தார். "பூசின மண்ணு துண்டு துண்டா கிடைச்சுது. தீப்பட்டு செங்கல் மாதிரி இறுகியிருந்துச்சு. அதுல விரல் தடம்."

"பூசுனவுக வெரலா இருக்கும்."

"பூசினவங்க தடம் வெளிப்பக்கம் இருந்துச்சு. இது உள்பக்கம். ஈரமா இருக்கறப்போ இழுத்த தடம். மேலயிருந்து கீழ வரைக்கும். நகத்தோட."

மதுரை பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் பையை எடுத்தார்.

"அப்ப உள்ள இருந்த ஆளோட எலும்பு?"

"இல்லம்மா. சல்லடை போட்டுச் சலிச்சுப் பார்த்தோம். ஒரு பல்லுகூட இல்ல. அதான் எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. வாசல் கிடையாது. ஆனா உள்ள இருந்தவங்க எப்படியோ வெளிய போயிருக்காங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

எப்படிப் போனார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பங்குனி வெள்ளிக்கிழமை, மறு சங்கு ஊதின பிறகு, கிழக்கு வழியாக. வீரன் தலைப்பக்கம் பிடித்தான். முனியப்பன் காலைப் பிடித்தான். அவர்தான் தண்ணீர் கொண்டு வந்தார்.

நான் பின்னால் நடந்து வந்தேன்.